இரண்டு பொருட்கள் ஒட்டிய இடத்தில் வெடிப்பு: கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பிறகு வந்து வாசிக்கிறவர்களுக்கும் உதவும். யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு சிவில் படிக்கும் ஒருவர், கொங்கிரீட் பீமின் அடியில் காபன் நார்த் தகட்டை எபொக்சியால் ஒட்டிப் பலப்படுத்துவது பற்றி ப்ரொஜெக்ட் செய்கிறார். தகடு எப்போது கழன்று வரும் என்று கணிக்க, இடைமுக வெடிப்புக் கோட்பாட்டை, அதாவது இரண்டு பொருட்கள் ஒட்டிய முகத்தில் ஓடும் கீறல் பற்றிய கணக்கை, புரட்டியிருக்கிறார். அதில் வெடிப்பின் நுனிக்குக் கிட்டப் போகப் போகத் தகைப்பு முடிவிலிக்குப் போவது போதாதென்று கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி ஆடுகிறது, வெடிப்பின் இரண்டு முகங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகின்றன என்றெல்லாம் வருகிறது. சரி என்று மென்பொருளில் போட்டுப் பார்த்தால், மெஷ்ஷை (கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் எலிமென்ட் என்ற சிறு கட்டங்களின் வலையை) சிறிதாக்கும் ஒவ்வொரு தடவையும் திறப்புக்கான எண்ணும் நழுவலுக்கான எண்ணும் வேறு வேறாக வருகின்றன. "அண்ணாமார் அக்காமார் யாராவது சொல்லுங்கள், கணக்குப் பிழையா, நான் பிழையா?" என்று முடித்திருக்கிறார்.

இப்படி நடக்க முடியாத விடை தருகிற ஒரு கோட்பாட்டை நம்பி நிஜமான ஒரு பீமைப் பற்றி எதையாவது சொல்லலாமா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். கணக்குப் பிழையில்லை, நீங்களும் பிழையில்லை. ஆனால் நீங்கள் தனித்தனியாகத் தேடுகிற அந்த இரண்டு எண்களுக்கும், ஒரு நீளத்தைக் குறிப்பிடாதவரை அர்த்தமே இல்லை. அதற்கும் மேலாக, உங்கள் பீமில் வெடிப்பு பெரும்பாலும் அந்த இடைமுகத்தில் போகப் போவதுமில்லை. கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் அறிக்கைக்கு முக்கியம், என்றாலும் ஒழுங்காக வருவோம். நான் கூட்டுப்பொருட்களின் முறிவுக் கணக்கில் நெடுங்காலம் வேலை செய்தவன், இப்போது ஊரில் இருக்கிறேன். கட்டிடத் திருத்த வேலை என் முதல் துறை அல்ல, அந்தப் பகுதியை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருளுக்குள் இருக்கும் வெடிப்பில் கதை எளிது. நுனியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகத் தகைப்பு ஏறும், அவ்வளவுதான். 1959இல் வில்லியம்ஸ் இதே கணக்கை இரண்டு வேறு பொருட்கள் ஒட்டிய இடத்துக்குச் செய்தார். அவர் அதை வெளியிட்டது நில அதிர்வு ஆய்வாளர்களின் இதழில். நிலத்துக்கு அடியில் இருவேறு பாறைகளுக்கு இடையே ஓடும் பிளவுதான் அவர் தலைப்பிலேயே இருந்தது, பசையும் தகடும் அல்ல. அங்கே தூரத்தின் அடுக்கு வெறும் கழித்தல் அரையாக வராமல், அதோடு ஒரு கற்பனைப் பகுதியும் சேர்ந்த சிக்கலெண்ணாக வந்தது. அந்தக் கற்பனைப் பகுதியைத்தான் எப்சிலன் என்று எழுதுகிறோம். ஒரு எண்ணைக் கற்பனை அடுக்குக்கு உயர்த்தினால் கோசைனும் சைனும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அந்த கோசைனுக்குள் உட்காருவது எப்சிலன் பெருக்கல் தூரத்தின் இயற்கை மடக்கை. நுனியை நெருங்க நெருங்க மடக்கை கழித்தல் முடிவிலிக்குப் போகும், ஆகவே கோசைன் முடிவில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்த ஆட்டம் இதுதான்.

இது எங்கிருந்து வருகிறது என்பதைப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் சூத்திரத்துக்குத் தாவிவிடுகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஒரு பொருளின் மேற்பரப்பைச் செங்குத்தாக இழுத்தால் அல்லது அமுக்கினால், மேற்பரப்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும். எவ்வளவு நகரும் என்பதை 1 கழித்தல் இரண்டு மடங்கு புவாசோன் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே சுருங்கும் பங்கு), அதை விறைப்பு மட்டால் வகுத்தது என்ற அளவு தீர்மானிக்கிறது. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே பொருள் என்றால் இரண்டு முகமும் ஒரே அளவு பக்கவாட்டில் நகரும், ஒன்றுக்கொன்று நழுவல் இல்லை. வேறு பொருட்கள் என்றால் இந்த அளவு இரண்டுக்கும் ஒத்துவராது. நீங்கள் நேராக இழுத்தாலும் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவப் பார்க்கும், இன்னும் ஒட்டியிருக்கும் பகுதி அதை விடாது, அங்கே ஷியர் (முகத்தின் வழியே பக்கவாட்டில் இழுக்கும் தகைப்பு) பிறக்கும். இழுப்பும் ஷியரும் இப்படி ஒன்றையொன்று கிளப்பிவிடுவதுதான் ஆட்டத்தின் வேர். இந்த ஒத்துவராமையைத்தான் டண்டர்ஸ் 1969இல் வரையறுத்த இரண்டு எண்களில் ஒன்றான பீற்றா அளக்கிறது. மற்றதான அல்பா வெறும் விறைப்பு வித்தியாசம். 1 கழித்தல் பீற்றாவை 1 கூட்டல் பீற்றாவால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, இரண்டு பையால் வகுத்தால் எப்சிலன்.

இதில் பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. விறைப்பு வித்தியாசம் கூடினால் ஆட்டமும் கூடும் என்று நினைப்பார்கள். உருக்கில் ஒட்டிய றப்பரை எடுங்கள். வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு, அல்பா ஏறக்குறைய 1. ஆனால் உருக்கு மிக விறைப்பானது, பக்கவாட்டில் நகராது. றப்பரின் புவாசோன் விகிதம் அரைக்குக் கிட்ட, ஆகவே அதுவும் பக்கவாட்டில் நகராது. இரண்டும் ஒத்துப்போகின்றன, பீற்றா பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறது, ஆட்டம் காணாமல் போகிறது. பீற்றாவின் உச்சம், அசையாத பொருளும் புவாசோன் விகிதம் பூச்சியமான பொருளும் சேரும்போது, 0.5. அப்போது எப்சிலன் 0.175. சாதாரண பொருட்களில் இதை மிஞ்ச முடியாது.

இப்போது முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும் விஷயம். 1965இல் இங்கிலன்ட் என்ற கணிதவியலாளர் இதைக் காட்டினார், அன்றிலிருந்து எல்லோருக்கும் தலையிடி. புகுந்துபோகும் பகுதி எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்குப் போடலாம். நேர் இழுப்பில், வெடிப்பின் முழு நீளத்தை ஒன்று என்று வைத்தால், அந்தப் பகுதியின் நீளம் ஈ-யை ஒரு கழித்தல் அடுக்குக்கு உயர்த்தியது, அந்த அடுக்கு பையை இரண்டு எப்சிலனால் வகுத்தது. உச்சமான 0.175ஐப் போட்டால் 100 மில்லிமீற்றர் வெடிப்புக்கு 0.013 மில்லிமீற்றர் வரும், தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. உங்கள் விஷயத்துக்கு வருவோம். எபொக்சிக்கு யங்கின் மட்டு (இழுப்புக்கு எதிரான விறைப்பு) 3 கிகாபஸ்கால், புவாசோன் 0.35, கொங்கிரீட்டுக்கு 30 கிகாபஸ்கால், 0.2 என்று வைத்துத் தளவிகார நிலைக்கு (அகலத் திசையில் விகாரம் இல்லை என்ற எடுகோளுக்கு) போட்டேன். அல்பா 0.8, பீற்றா 0.17, எப்சிலன் 0.055 (எந்தப் பொருளை முதலாவது என்று எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இதன் குறி மாறும்). அதே 100 மில்லிமீற்றர் வெடிப்பில் புகுந்துபோகும் பகுதி, ஒரு அணுவின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அணுவுக்குள் போய்க் கொங்கிரீட் எபொக்சிக்குள் நுழைகிறதா என்று கவலைப்பட வேண்டியதில்லை, பொருள் இடைவெளியில்லாத தொடர்பொருள் என்ற எடுகோளே அதற்கு வெகுமுன் செத்துவிடும். கொங்கிரீட்டில் மணல் துணிக்கையின் அளவிலேயே செத்துவிடும் என்றுகூடச் சொல்லலாம்.

ஆக, இழுப்பு மேலோங்கிய நிலையில் இந்த அபத்தம் பாதிக்காது என்பது உறுதியானது. 1977இல் மரியா கொம்னினூ என்பவர் நுனியில் முகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று எடுத்து முழுக் கணக்கையும் திரும்பச் செய்தார். ஆட்டம் போய்விட்டது, தொடும் பகுதி இழுப்பில் மிகச் சிறியதாகவே வந்தது. 1988இல் ரைஸ் எழுதிய கட்டுரை இந்த இரண்டு பார்வையையும் சமாதானப்படுத்தியது: நுனியில் நடக்கும் குழப்பம் வெடிப்பின் நீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருந்தால், வெளியே இருக்கும் புலத்தை வில்லியம்ஸின் சிக்கலெண்ணே ஆளுகிறது, அதைத் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் ஷியர் மேலோங்கினால் இந்த உறுதி போய்விடும். அப்போது ஒரு பக்க நுனியில் தொடும் பகுதி வெடிப்பின் நீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கே வளரலாம், உராய்வும் உள்ளே வரும், உராய்வுக் குணகத்தை யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் ஆடும் சூத்திரத்தை விட்டுவிட்டுத் தொடுகையைச் சேர்த்தே மொடல் செய்யுங்கள்.

அடுத்தது மெஷ். ஒட்டியிருக்கும் பகுதியில் இழுப்புத் தகைப்பையும் ஷியர் தகைப்பையும் ஒரு சிக்கலெண்ணின் இரண்டு பகுதிகளாக எழுதினால், அது கே என்ற சிக்கலெண், பெருக்கல் தூரத்தின் கற்பனை அடுக்கு, கீழே தூரத்தின் வர்க்கமூலம் என்று வரும். அந்தக் கற்பனை அடுக்கு என்ன செய்கிறதென்றால், தூரம் மாற மாற இரண்டின் விகிதத்தையும் மெதுவாகச் சுழற்றுகிறது. இந்த விகிதத்தை ஒரு கோணமாக எழுதுவார்கள்: பூச்சியம் என்றால் முழு இழுப்பு, 90 பாகை என்றால் முழு ஷியர். நுனியிலிருந்து ஒரு மில்லிமீற்றரில் ஷியர் எத்தனை பங்கு என்பதும், பத்தில் ஒரு மில்லிமீற்றரில் எத்தனை பங்கு என்பதும் வேறு வேறு. பருத்தித்துறை எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டால் எங்கிருந்து என்று திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா, அதுபோல்தான், ஷியர் எவ்வளவு என்று கேட்டால் எந்தத் தூரத்தில் என்றுதான் கணக்குத் திருப்பிக் கேட்கும். கே-யின் அலகிலேயே மீற்றருக்குக் கற்பனை அடுக்கு வந்து உட்கார்ந்திருப்பதும் இதனால்தான், அது அச்சுப்பிழை இல்லை. உங்கள் மென்பொருள் நுனிக்கு அடுத்த எலிமென்ட்டின் அளவையே அந்தத் தூரமாக எடுத்துக்கொள்கிறது. மெஷ்ஷை மாற்றும்போது நீங்கள் அறியாமலே கேள்வியை மாற்றுகிறீர்கள், விடையும் மாறுகிறது. உங்கள் எப்சிலனுக்கு மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் கோணம் 2 பாகையளவு திரும்ப வேண்டும். நீங்கள் பெற்ற எண்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படித் திரும்பினால் உங்கள் மொடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மாறாதது ஒன்று இருக்கிறது. திறப்புக்கான சக்தியையும் நழுவலுக்கான சக்தியையும் தனித்தனியே பார்க்காமல் கூட்டினால் வரும் மொத்தச் சக்தி விடுவிப்பு வீதம், ஜி, அதாவது வெடிப்பு ஒரு அலகுப் பரப்பு வளரும்போது வெளிவரும் சக்தி. இது கே-யின் அளவை மட்டும் பொறுத்தது, கோணத்தைப் பொறுத்தது அல்ல, ஆகவே சுழற்சி அதைத் தொடாது, மெஷ்ஷைச் சிறிதாக்க ஒரு எண்ணில் போய் நிற்கும். 1980களின் பிற்பகுதியிலேயே ஃபினைட் எலிமென்ட் ஆட்கள் இதைக் காட்டிவிட்டார்கள்: பிரித்த இரண்டும் ஒருங்காது, கூட்டல் ஒருங்கும். இடைமுகம் நேராக இருந்து, முகங்களில் சுமை இல்லாவிட்டால் ஜே தொகையீடும் (நுனியைச் சுற்றிய ஒரு பாதையில் எடுக்கும் தொகையீடு) பாதையைச் சாராமல் அதே எண்ணைத் தரும். ஆகவே அறிக்கையில் ஜி-யைக் கொடுங்கள், பக்கத்தில் கோணத்தைக் கொடுங்கள், அந்தக் கோணம் எந்த நீளத்துக்கு என்று கட்டாயம் எழுதுங்கள். நீளமாக வெடிப்பின் நீளத்தை எடுக்காதீர்கள், அது வளர்ந்துகொண்டே போகும். பசையின் தடிப்பு போல மாறாத ஒன்றை எடுங்கள், அல்லது ஒரு மில்லிமீற்றர் என்று பேசாமல் நிலைநிறுத்துங்கள். ஒரு நீளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, எப்சிலன் பெருக்கல் இரண்டு நீளங்களின் விகிதத்தின் மடக்கையைக் கோணத்தோடு கூட்டினால் போதும், விடை ஆரையனில் வரும்.

இந்தத் திருத்தத்தைச் சிறியது என்று விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். புகுந்துபோகும் பகுதி அணுவிலும் சிறியது என்றேன், ஆனால் கோணம் அப்படி அல்ல. நீளத்தைப் பத்து மடங்கு மாற்றினால் உங்கள் எப்சிலனுக்கு 7 பாகை. நூறு மில்லிமீற்றரிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு வந்தால் ஏறக்குறைய 22 பாகை. ஒருவர் வெடிப்பு நீளத்தை வைத்துக் கோணம் எழுதி, இன்னொருவர் பசைத் தடிப்பை வைத்து எழுதி, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் அந்த வரைபடம் குப்பை. பீற்றாவைப் பூச்சியம் என்றே வைத்துவிடுங்கள், நடைமுறைக்குப் பெரிய நட்டமில்லை என்று ஹட்ச்சின்சனும் சுவோவும் 1992இல் எழுதிய பெரிய கட்டுரையில் ஒரு வழி சொன்னார்கள். இறுதியாண்டு ப்ரொஜெக்ட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் வைத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு வையுங்கள்.

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இடைமுகம் தாங்கும் முறிவுச் சக்தி கோணத்தோடு மாறுகிறது. இங்கேதான் உறுதியான நிலத்திலிருந்து இறங்குகிறோம். ஷியர் கூடக் கூடத் தாங்கும் சக்தி கூடுகிறது என்பது பல சோதனைகளில் வந்திருக்கிறது. லீக்ட்டியும் சாயும் 1992இல் கண்ணாடியும் எபொக்சியும் ஒட்டிய துண்டுகளில் செய்த சோதனையில் அது பல மடங்கு ஏறியது, அதுவும் ஷியரின் திசையைப் பொறுத்து ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாக. ஏன் என்பதற்கு எபொக்சியின் நிரந்தர விகாரம், கரடுமுரடான முகங்களின் உராய்வு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் வேறு, ஒரு சோடிக்கு எடுத்த வளைகோட்டை இன்னொரு சோடிக்குக் கொண்டுபோக முடியாது. மீள்தன்மைக் கணக்கு ஜி-யையும் கோணத்தையும் தரும், வெடிப்பு ஓடுமா என்பதைச் சோதனைதான் சொல்லும். இணையத்தில் கண்ட ஒரு எண்ணை எடுத்துப் போட்டுப் பாதுகாப்பு விகிதம் 1.8 என்று எழுதினால், கேள்வி கேட்கத் தெரிந்த பரீட்சகர் யாரும் விடமாட்டார்.

சரி, உங்கள் பீம். கொங்கிரீட்டின் மேற்பரப்பை ஒழுங்காகச் சுரண்டி, தூசி போக்கி, நல்ல எபொக்சியால் ஒட்டிய தகடு கழன்று வரும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். பசையின் முகம் பளபளப்பாக இருக்காது, சில மில்லிமீற்றர் தடிப்பில் கொங்கிரீட்டின் தோல் அதோடு சேர்ந்து வந்திருக்கும். வெடிப்பு இடைமுகத்தில் ஓடவில்லை, அதற்குக் கொஞ்சம் உள்ளே கொங்கிரீட்டுக்குள் ஓடியிருக்கிறது. காரணம் எளிது, அங்கே மிகப் பலவீனமானது கொங்கிரீட்தான், ஒட்டு அல்ல. அப்போது வில்லியம்ஸின் ஆட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. கொங்கிரீட்டின் முறிவு வலயமும் பெரியது, நுனி என்று ஒரு புள்ளியைச் சொல்லவே முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒட்டின் ஷியர் தகைப்புக்கும் நழுவலுக்கும் இடையிலான வளைகோட்டை வைத்து வேலை செய்கிறார்கள். அந்த வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, ஒரு சதுர மில்லிமீற்றரைக் கழற்ற வேண்டிய சக்தி. அது தெரிந்தால், போதிய நீளம் ஒட்டிய தகடு தாங்கும் இழுவை, தகட்டின் அகலம், பெருக்கல் இரண்டு மடங்கு யங்கின் மட்டு, தடிப்பு, அந்தச் சக்தி மூன்றின் பெருக்கத்தின் வர்க்கமூலம். 50 மில்லிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, 165 கிகாபஸ்கால் தகடு, சக்தி மில்லிமீற்றருக்கு 0.6 நியூற்றன் என்று உதாரணத்துக்கு வைத்தால் 24 கிலோநியூற்றன் வரும். ஒரு எல்லைக்கு மேல் ஒட்டும் நீளத்தைக் கூட்டினாலும் இந்த எண் ஏறாது என்பதையும் கவனியுங்கள், பலர் நீட்டி நீட்டி ஒட்டிக் காசைக் கொட்டுகிறார்கள்.

தகட்டின் அந்தத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. அங்கே வெடிப்பு கம்பி மட்டம் வரை ஏறி, கம்பிக்குக் கீழே இருக்கும் கொங்கிரீட்டை முழுதாகப் பிரித்துக்கொண்டு வரும். மேலே சொன்ன சூத்திரம் அதைப் பிடிக்காது, தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆகவே இடைமுகக் கோட்பாட்டை ப்ரொஜெக்ட்டிலிருந்து தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், இல்லை. ஒட்டு பழுதாகும்போது அது திரும்ப உள்ளே வருகிறது. ஈரம் நீண்ட காலம் ஊறினால் எபொக்சிக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையிலான பிடி குறையும், அப்போது வெடிப்பு கொங்கிரீட்டை விட்டு உண்மையான இடைமுகத்துக்கு மாறுவதை ஈரத்தில் ஊறவைத்த சோதனைத் துண்டுகளில் கண்டிருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையும் ஆண்டு முழுவதும் உப்புக் காற்றும் இருக்கிற எங்கள் பக்கத்தில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. காய்ந்த துண்டுகளையும், சில மாதம் நீரில் கிடந்த துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் பார்த்து, வெடிப்பு எந்த முகத்தில் ஓடியது என்று படம் எடுத்து வைத்தாலே உங்கள் ப்ரொஜெக்ட்டுக்கு அது போதும், கணக்கை அதற்குப் பிறகு எழுதலாம்.

நிஜமான கட்டிடத்தைத் தொடப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் முதலில் பார்க்க வேண்டும். ஒன்று, உள்ளே கம்பி கறள் பிடித்திருக்கிறதா. கடற்கரையோரப் பழைய கட்டிடங்களில் பீமின் அடியில் கம்பியின் வழியே நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருந்தால், கறள் வீங்கி உள்ளிருந்து தள்ளுகிறது என்று அர்த்தம். அதன்மேல் காபன் தகடு ஒட்டுவது, கழன்று விழப்போகிற தோலில் போய் ஒட்டுவதுதான். மற்றது வெப்பம். சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபொக்சிகள் பலவற்றின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (பசை விறைப்பு விட்டு மென்மையாகும் வெப்பநிலை) 50 தொடக்கம் 65 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். உள்வீட்டு பீமுக்குப் பரவாயில்லை. சித்திரை வெயில் நேராகப் படும் இடத்தில் கறுப்புத் தகடு அதற்குக் கிட்டப் போகலாம், அப்போது நான் மேலே போட்ட 3 கிகாபஸ்காலும் இல்லை, அதிலிருந்து வந்த எப்சிலனும் இல்லை. பசை வாங்கும்போது அந்த வெப்பநிலையைத் தரவுத்தாளில் தேடிப் பாருங்கள், அதில் போட்டிருக்காவிட்டால் விற்கிறவரிடம் எழுத்தில் கேளுங்கள்.